இரண்டாம் நம்பர் டின்

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்தால் கால் ஆடும். பள்ளிக்கூடத்தில் இதற்காகவே முட்டி போட்டிருக்கிறேன். டிப்ளமோ முடித்த மூன்று வருஷத்தில் இரண்டு வேலைகளை விட்டாயிற்று. முதல் இடத்தில் ஒரே வால்வை எட்டு மாதம் வரையச் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் வரையவே விடவில்லை, பழைய படங்களை நகலெடுக்க உட்கார வைத்தார்கள். "உன் கால்ல சக்கரம் இருக்குடா" என்பாள் அம்மா. மூன்றாவது வேலை அந்தச் சக்கரத்துக்கென்றே செய்து வைத்தது போல அமைந்தது. திருவள்ளூரில் விடிவதற்கு முன் கரி இன்ஜின் ரயில், பேசின் பிரிட்ஜில் இறங்கி அடுத்த பிளாட்பாரத்துக்கு ஓட்டம், அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு இன்னொரு கரிவண்டி. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கும்மிடிப்பூண்டியில் கடலைக்கொல்லைகளை அளந்து, கல் நட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஷெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பட்டறையில் பண்ணைகளுக்கு வேண்டிய இரும்புக் கூண்டுகளும் தடுப்புகளும் செய்தோம். கோழிக்கூண்டில் போட்டி அதிகமாகிவிட்டதால் முதலாளி பன்றிப் பண்ணைக்குத் தாவியிருந்தார். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, சில வெள்ளைப் பன்றிகளையும் வளர்த்தார். என் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தால் அவை தெரியும். பார்க்காவிட்டாலும் மூக்குக்குத் தெரியும்.

வீட்டில் நான் சொல்லி வைத்திருந்தது "மிஷின் கம்பெனி" என்று. முழுப் பொய்யில்லை, பட்டறையில் நான்கு மிஷின் இருந்தன. அப்பா கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். அவருடைய அப்பாவுக்கும் அதே வேலை. அந்த வீட்டுப் பிள்ளை பன்றிக்குத் தொட்டி வரைகிறான் என்று எந்த வாயால் சொல்வது? சாயங்காலம் பட்டறைக் கிணற்றில் தலைக்குக் குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டுதான் ரயிலேறுவேன். அப்படியும் ஒருநாள் கடம்பத்தூர் போகிற ஆள் ஒருவர் என் பக்கத்திலிருந்து எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொண்டார். அன்று ராத்திரி முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை.

ஆனால் வேலை பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். முதலாளி மெட்ராஸில் ஏதோ ஒரு வகுப்புக்குப் போய் வந்து, "மாடுலர், மாடுலர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அர்த்தம் பாதிதான் தெரியும். எனக்குக் கேட்டவுடனே பிடிபட்டுவிட்டது. அதுவரை குட்டி போட்ட பன்றிக்கு ஒரு கூண்டு, பால் மறந்த குட்டிகளுக்கு ஒரு கூண்டு, வளர்ந்ததற்கு ஒரு கூண்டு என்று தனித்தனியாக அடித்துக்கொண்டிருந்தோம். நான் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். மூன்றடி அகலத்தில் ஒரே பேனல். எல்லாப் பேனலிலும் ஓட்டைகளுக்கு ஒரே இடைவெளி. ஒரே அளவு போல்ட், ஒரே ஸ்பானர். நான்கு பேனல் சேர்த்தால் குட்டிகளுக்கு, ஆறு சேர்த்தால் தாய்க்கு. கீழ்க்கம்பியை மட்டும் கழற்றினால் குட்டி நுழையும், தாய் நுழையாது. இருபதுக்கு மேல் இருந்த படங்கள் ஐந்தாகச் சுருங்கின. முதலாளி என் தோளில் தட்டியபோது, முதல் தடவையாக என் கால் ஆடாமல் நின்றது.

இதை நான் வகுப்பில் கற்கவில்லை. மடைப்பள்ளியில் பார்த்ததுதான். ஒரே பெரிய வெண்கலப் பானையில் சாதம் வடிப்பார்கள். அதில் புளிக்காய்ச்சல் விழுந்தால் புளியோதரை, தயிர் விழுந்தால் தத்தியோன்னம், மிளகும் நெய்யும் விழுந்தால் இன்னொன்று. அடி ஒன்று, மேலே விழுவதுதான் மாறும். இதைவிட நல்ல மாடுலரை எந்த வெள்ளைக்காரன் கண்டுபிடித்துவிடப் போகிறான்?

வினை அங்கேதான் ஆரம்பித்தது. பேனலில் ஜெயித்தவன் அதோடு நின்றிருக்கலாம். தீவனத்தையும் அப்படியே பண்ணலாமே என்று தோன்றிவிட்டது.

கொட்டகையைப் பார்த்துக்கொண்டவள் என் வயதுடைய ஒருத்தி, அதிகம் போனால் இரண்டு வயது மூத்திருப்பாள். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஆந்திரா பக்கம் போய்விட்டான். கொட்டகையை ஒட்டி முதலாளி கொடுத்திருந்த ஓட்டு ரூமில் தன் சின்ன மகளோடு இருந்தாள். போக்கிடம் வேறில்லை. பால் மறக்கடித்த வாரத்தில் குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டு, ஏற்கெனவே இரண்டு ஈற்றுக் குட்டிகள் செத்திருந்தன. பழி அவள் மேல்தான் விழுந்தது. "மூணாவது தபாவும் போச்சுன்னா மூட்டையக் கட்டிக்கோ" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். மூன்றாவது ஈற்றில் பதினோரு குட்டிகள். தாயிடமிருந்து பிரிக்க இன்னும் பத்து நாள் இருந்தது.

நோஞ்சான் குட்டிகளுக்கு அவள் ஒரு கை வைத்தியம் பண்ணுவாள். மாதுளை ஓடு, கொய்யாக் கொழுந்து, ஓமம், கொஞ்சம் மஞ்சள், எல்லாவற்றையும் இடித்துக் கஞ்சியில் கலக்கிக் கொடுப்பாள். நான் அதைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

"இத்த இன்னாத்துக்கு ஐயிரே எழுதிக்கினு கீற?" என்றாள்.

நான் ஐயங்கார், ஐயர் இல்லை என்று வந்த புதிதில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். பட்டறையில் யாருக்கும் அதில் அக்கறை இல்லை.

"டிசைன் பண்ணப் போறேன்" என்றேன்.

பண்ணினேன். அடித்தீவனம் ஒன்று, தவிடும் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் கலந்தது. மேலே கலக்க மூன்று பொடிகள், மூன்று டின்கள். பால் குடிக்கும்போதே பழக்க ஒன்றாம் நம்பர், பால் மறக்கடிக்கும் வாரத்துக்கு இரண்டாம் நம்பர், அதற்கப்புறம் மூன்று. இரண்டாம் நம்பர்தான் உயிர் நிலை. அதில் அவள் சொன்ன சரக்கெல்லாம் போட்டேன். அத்தோடு விட்டேனா? திருவள்ளூர் நாட்டு மருந்துக்கடையில் நிற்கும்போது, காய்ச்சலுக்கும் வயிற்றுக்கும் நல்லது என்று ஞாபகம் வந்து, நிலவேம்பும் ஒரு பொட்டலம் வாங்கிவிட்டேன். நாமும் ஒன்று சேர்த்தால்தானே அது நம் டிசைன்!

பட்டறை உரலில் நானே இடித்தேன். இடிக்கும்போது வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டேன். அப்பா அப்படித்தான் கட்டிக்கொள்வார். பெருமாள் கண்டருளுகிறதற்கு முன் தளிகையை யாரும் வாயில் வைக்கக் கூடாது, வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. மூச்சு படக் கூடாது. உப்பு, காரம் எல்லாம் கைக்கணக்குதான். நான் நடக்கப் பழகிய நாளிலிருந்து பார்த்தது அது. வெல்டர்கள் என்னைப் பார்த்து, "ஐயிரு பன்னிக்குப் பிரசாதம் பண்றாரு டோய்" என்று சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. டின்களில் பெயின்டால் நம்பர் எழுதினேன். இரண்டாம் நம்பர் பொடி கலக்காமல் குட்டிகளுக்கு ஒரு பிடி தீவனம்கூடப் போடக் கூடாது என்று எழுதிக் கொட்டகைக் கதவில் ஒட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வாயாலும் சொன்னேன். ஏற்கெனவே பழி சுமந்திருந்தவள், தலையை ஆட்டிக்கொண்டாள்.

பால் மறக்கடித்த முதல் நாள் குட்டிகள் தொட்டிக்கு வந்து முகர்ந்துவிட்டுப் பின்வாங்கின. தாயைத் தேடுகின்றன என்று சொன்னேன். இரண்டாம் நாளும் அப்படியே. தொட்டி உயரமாக இருக்கிறது என்று பேனலைக் கழற்றி ஓர் ஓட்டை கீழே இறக்கி மாட்டினேன். அப்புறம் கம்பி இடைவெளி குறுகல் என்று தோன்றியது, அதையும் மாற்றினேன். காற்று நேராக அடிக்கிறது என்று மொத்தக் கூண்டையும் திருப்பி வைத்தேன். ஸ்பானரும் கையுமாகக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் கூடமோ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கழற்றி மாட்டக்கூடிய கூடம். எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

"கதவ மாத்தினா பசிக்குமா ஐயிரே?" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் ஒரு குட்டி ஓரமாகப் படுத்துவிட்டது. அவள் தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள். அடுத்த கணமே தூ என்று துப்பிவிட்டு, புடவைத் தலைப்பால் நாக்கைத் துடைத்தாள்.

"அய்ய, வெஷமாட்டம் கீது! நீ வாயில வச்சிப் பாத்தியா?"

"இல்லை."

"ஏன்?"

"எங்க வீட்டுல வழக்கம் இல்லை. சாமிக்குப் பண்றதை முன்னாடியே வாயில வைக்க மாட்டோம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க சாமி தட்ட தள்ளாது. இது தள்ளுது, பாரு" என்றாள்.

அந்த இடத்திலேயே டின்னைக் கொட்டியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மருந்துன்னா கசக்கத்தான் செய்யும். பசிச்சா தின்னும்." சொல்லிவிட்டு இன்னொரு பேனலைக் கழற்றப் போனேன். என் டிசைனில் குறை என்று ஒருத்தி சொல்கிறாள், அதுவும் கையெழுத்துப் போடத் தெரியாதவள். அந்த எரிச்சல்தான். இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அவள் தன் சோற்றுக் கஞ்சியை எனக்குத் தெரியாமல் நோஞ்சான்களுக்கு ஊட்டியிருக்கிறாள். பதினொன்றுக்கு அது எங்கே போதும்?

ஐந்தாம் நாள் காலை நான் போனபோது இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. சாக்கு போட்டு மூடி வைத்திருந்தாள். மற்றவை விலா எலும்பு தெரிய, தீவனத்தைத் தொடாமல் நின்றன. முதலாளி வந்தார். சாக்கைக் காலால் விலக்கிப் பார்த்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஏம்மா, இந்தத் தபாவும் கொன்னுட்டியா? அவ்ளோ மெனக்கெட்டு அந்தத் தம்பி மருந்து செஞ்சி குடுத்தாப்ல. கலக்கிப் போடறதுக்குக் கூடவா உனுக்குத் துப்பில்ல?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் இருந்த இரண்டாம் நம்பர் டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூடியில் பெயின்ட் ஓரிடத்தில் வழிந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டினேன்.

"நாளைக்கு சாய்ந்தரத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணு" என்று சொல்லிவிட்டு முதலாளி போனார். நானும் அவர் பின்னாலேயே என் மேசைக்குப் போனேன். அன்று ஒரு கோடுகூட நேராக விழவில்லை.

அன்று அமாவாசை. திரும்பி வருகிற ரயிலில் திருவள்ளூர்க் குளத்தில் முழுகி ராத்தங்கப் போகிற கூட்டம், மூச்சுவிட இடமில்லை. எனக்கும் நிற்க முடியவில்லை. ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு ஜனங்களை இடித்துக்கொண்டு போனேன். "இன்னாபா பேஜாரு பண்ற, ஒரு எடத்துல நில்லு" என்று ஒருவர் அதட்டினார். நில் என்றால் நிற்க முடிகிற உடம்பா அது?

வீட்டுக்கு வந்தும் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். ராத்திரி நடை சாத்திய பிறகு அப்பா கோயிலிலிருந்து தத்தியோன்னத்தோடு வந்தார். அமாவாசை என்றால் காலையிலிருந்து பானை இறக்கி இறக்கித் தோள் விட்டுப்போயிருக்கும். மூவரும் இலையில் உட்கார்ந்தோம். ஒரு கவளம் எடுத்து வைத்தேன். உப்பு இல்லை. மறதியாகப் போடாமலே விட்டிருக்கிறார். அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். பிரசாதத்தில் குறை சொல்லக் கூடாது, எங்கள் வீட்டில் அது சட்டம். எத்தனையோ தடவை உப்பில்லாததையும், உப்புக் கரித்ததையும் வாயைத் திறக்காமல் விழுங்கியிருக்கிறோம். அன்று என்னால் முடியவில்லை.

"அப்பா, உப்பு இல்லை."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பெருமாளே ஒண்ணும் சொல்லலை. நீ யார்றா சொல்ல?"

"பெருமாளுக்கென்ன, அவருக்கு வேலை போகாது" என்றேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பன்றி, பேனல், பொடி, வாயில் வைக்காமல் இடித்தது, இரண்டு குட்டி செத்தது, நான் டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அம்மா "ராமா" என்று கையை இலையிலிருந்து எடுத்துவிட்டாள். அப்பா எழுந்துபோய்க் குளிப்பார், என்னை வெளியே போடா என்பார் என்று காத்திருந்தேன். அவர் சாதத்தை இலை ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"அந்தப் பொம்மனாட்டி கொழந்தையைக் கூட்டிண்டு எங்கடா போவா?" என்றார்.

பன்றியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அதுவரை என் வேலை, என் டிசைன், என் மானம் என்றுதான் ரயில் முழுக்க நடந்திருந்தேன். இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அப்பா எழுந்து உப்பு ஜாடியை எடுத்து வந்து, மூன்று இலையிலும் ஒவ்வொரு சிட்டிகை வைத்தார்.

மறுநாள் ஒரு வண்டி முன்னதாகவே கிளம்பினேன். கையில் ஒரு உருண்டை வெல்லம். முதலாளி மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நம்பர் டின்னைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"இது நான் பண்ணது சார். அந்தம்மா சொன்னதுல நிலவேம்பு கிடையாது, அதை நான்தான் போட்டேன். இதில்லாம தீவனம் போடக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான். வாயில வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே துப்பினார். டீயால் கொப்பளித்தார்.

"ஏம்பா, நீ வச்சிப் பாக்கலியா?"

நான் பதிலுக்கு ஒரு சிட்டிகை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். நாக்கு சுருண்டது. ஐந்து நாள் அந்தப் பதினொன்றும் பட்டினி கிடந்து இதைத்தான் மறுத்திருக்கின்றன. துப்பாமல் விழுங்கினேன்.

"நேத்து இன்னாத்துக்கு வாய மூடிக்கினு நின்ன?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போய் அவளிடம், "நீ இரு, எங்கியும் போவாத" என்றார். கொன்னுட்டியா என்று கேட்ட வாய், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. என்னிடம், "நீ பேனலை மட்டும் வரை. தீவனத்துப் பக்கம் வராத" என்றார்.

அவள் கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"பொடிதான் காரணம்னு உனக்குத் தெரியுமே. நேத்து நீயே சொல்லியிருக்கலாமே அவர்கிட்ட?"

அவள் நிமிரவில்லை. பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "நான் சொன்னா நம்புவாரா? ஏற்கெனவே ரெண்டு தபா சொன்னேன், தண்ணி சரியில்லன்னு. கேட்டாரா? நீ சொன்னாத்தான் கேப்பாரு. அதான் உன் மூஞ்சியப் பாத்துக்கினு நின்னேன். நீ டின்னப் பாத்துக்கினு நின்ன."

வெல்லத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

டின்னைக் கொட்டிக் கழுவி, அவள் கணக்கில் அவளே இடித்தாள். ஓமத்தை வறுத்துப் போட்டாள், வெல்லத்தைத் தட்டிச் சேர்த்தாள். நிலவேம்பு கிடையாது. மத்தியானம் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். முதலாளி வராதே என்றிருக்கிறாரே என்றேன். "அவரு கெடக்கறாரு, நீ வா" என்றாள். ஒன்பது குட்டிகளும் தடுப்புக்குப் பின்னால் நின்றன. தொட்டியில் இன்னும் போடவில்லை. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து என்னிடம் நீட்டினாள்.

"நான் பண்ணதுன்னு மொதலாளிகிட்ட சொல்லிக்கினது நீதான? இனிமே மொத வாய் உன்னுது."

அங்கே வேலை பார்த்த அடுத்த நான்கு வருஷமும், ஒவ்வோர் ஈற்றுக்கும், இரண்டாம் நம்பர் பொடியின் முதல் சிட்டிகை எனக்குத்தான் வந்தது. ஒரு நாளும் அவள் மறக்கவில்லை. அன்று வாங்கி வாயில் போட்டேன். ஓமமும் வெல்லமும் தெரிந்தன. பின்னால் மாதுளை ஓட்டின் துவர்ப்பு. குட்டிகள் தடுப்பை முட்டிக் கத்திக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். நான் டின் பக்கம் திரும்பாமல் நின்றேன்.

"நல்லா இருக்கு, போடு" என்றேன்.